தேதியில்லாத பதினோரு முட்டைகள்

தேதி தெரியாத பொருளை நான் நம்புவதில்லை. மருந்து பாட்டில், ஊறுகாய் ஜாடி, சைக்கிள் டயர், எதுவானாலும் வீட்டுக்குள் வந்த நாளை அதன்மேல் குறித்துவிடுவேன். இதை ஒரு நல்ல குணம் என்று இருபத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு கறுப்புக் கோழி.

அப்போது 1971. மந்தைவெளியில் அண்ணாச்சி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அண்ணாச்சிக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. என் மனைவி ஸ்டெல்லா சாந்தோமில் டீச்சர். கல்யாணமான மறுவருடமே நாலு வெள்ளை லெகார்ன் கோழிகளை வாங்கிவந்து கொல்லையில் விட்டாள். அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கோழி எத்தன வேணும்னாலும் வளத்துக்கிடுங்க. சேவல் மட்டும் ஆகாது. விடியுமுன்ன கூவிச்சுன்னா நம்ம தூக்கம் போயிரும்லா."

கோழி வளர்ப்பது லேசான காரியமில்லை. கீரிக்குப் பயந்து கூண்டுக்குக் கம்பிவலை அடிக்க வேண்டும். காயப்போட்ட புடவையில் எச்சம் விழுந்தால் அண்ணாச்சி வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் (நான்தான் கேட்பேன்). வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே நாளில் கூண்டே காலியாகிவிடும். ஆனாலும் காலையில் வைக்கோலுக்குள் கைவிட்டு, இன்னும் சூடு ஆறாத முட்டையை எடுக்கும் சுகம் இருக்கிறதே, அதற்கு எதையும் பொறுக்கலாம். எடுத்தவுடன் பென்சிலால் தேதி போடுவேன். அது இரண்டாவது சுகம்.

லெகார்ன் முட்டையிடும், அடைகாக்காது (கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் மேலதிகாரி மாதிரி). குஞ்சு வேண்டுமானால் நாட்டுக்கோழிதான் உட்கார வேண்டும். சைதாப்பேட்டையிலிருந்து கூடையில் காய் கொண்டுவரும் முனியம்மாவிடம் அப்படியொரு கறுப்புக் கோழி அடைக்குத் தயாராக இருந்தது. வாரத்துக்கு விடச் சம்மதித்தாள். கோழி அவளுடையது, முட்டை எங்களுடையது, பொரிக்கும் குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி.

"ஆவணி கடைசில எம்பொண்ணு தனிக்குடித்தனம் போவுதும்மா. நாலு குஞ்சாவது கைல குடுத்து அனுப்பணும். வெறுங்கையோட போனா மாமியாக்காரி பேசியே கொன்னுடும்."

"கட்டாயம் தரேன் முனியம்மா" என்றாள் ஸ்டெல்லா. கொடுத்த வார்த்தையை அவள் மாற்றியதே கிடையாது.

கொட்டிவாக்கத்தில் ஸ்டெல்லாவின் சின்னம்மாவும் லெகார்ன்தான் வளர்த்தார். ஆடி பிறந்த அன்று, சனிக்கிழமை, ஸ்டெல்லாவே அங்கே போய்ப் பதினோரு முட்டைகளை உமி பரப்பிய கூடையில் கொண்டுவந்தாள். மறுநாள் சர்ச்சில் பூசைக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

"ஸ்டோர் ரூம்ல ஓலைக்கூடை இருக்கு. முனியம்மா கோழியோட வந்ததும் அதுல இருக்கறத அப்படியே வெச்சிருங்க. அப்படியே, என்ன?"

கூடையைத் திறந்தேன். பதினோரு முட்டை. ஒன்றில்கூடத் தேதி இல்லை.

என் அலுவலகத்தில் தேதியில்லாத சரக்கைப் பழைய சரக்காகக் கருதி முதலில் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. கோழி வளர்ப்பு பற்றி ஒரு கையேடு முழுக்கப் படித்திருந்தேன். வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், முட்டை புதிதாக இருக்க வேண்டிய அவசியம், எல்லாம் அதில் இருந்தது. சேவலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. (எழுதியவர் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பார்.) கூடையைச் சமையலறைக்கு மாற்றினேன். எங்கள் கோழிகள் இட்ட முட்டைகளில் ஆகப் புதிய பதினொன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன்.

முனியம்மா மண்ணும் வைக்கோலும் பரப்பி, இடி தாக்காமல் இருக்க ஓரத்தில் இரும்பாணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் வைத்தாள். நான் முட்டைகளை நீட்டினேன்.

"இன்னா சார் இது, முட்டைமேல கிறுக்கி வெச்சிகீற?"

"தேதி."

"கோயிக்குப் படிக்கத் தெரியாது சார்."

அன்று மதியம் ஆம்லெட். "முட்டை நல்லாருக்கே" என்று ஸ்டெல்லாவும் சாப்பிட்டாள். அந்த வாரத்துக்குள் பதினொன்றும் தீர்ந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. பழைய சரக்கை வெளியேற்றியதை எந்த ஸ்டோர்ஸ் குமாஸ்தாவும் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வதில்லை. கோழிக்கடியில் பென்சில் எழுத்தைப் பார்த்த ஸ்டெல்லா, கொட்டிவாக்கத்து முட்டையில்தான் நான் கைவரிசை காட்டிவிட்டேன் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள்.

அந்தக் கறுப்புக் கோழியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு நாளைக்கு ஒரே முறை எழுந்திருக்கும். பத்து நிமிடத்தில் தின்று, குடித்து, புழுதியில் புரண்டு, ஓடிவந்து உட்கார்ந்துவிடும். ஒரு பகலில் எட்டிப்பார்த்த பூனையை, எழுந்திருக்காமலேயே மூக்கில் கொத்தி அனுப்பியது. என் வேலையில் அந்தச் சிரத்தையில் கால்வாசி காட்டியிருந்தால் எப்போதோ சூப்பரின்டெண்டென்ட் ஆகியிருப்பேன்.

இருபத்தோராம் நாள், ஞாயிறு காலை பத்து மணிக்குக் குஞ்சு பொரிக்கும் என்று கொல்லைக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தேன். அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றும் இல்லை. "ஒரு நாள் தள்ளிப்போவும்" என்று முனியம்மா சொல்லிவிட்டுப் போனாள். திங்கள் சாயங்காலம் வந்து ஒரு முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"களக் களக்னு கீது. கூமுட்டை."

"நடுவுல ஒருநாள் இடி இடிச்சுது" என்றேன்.

"அதுக்குத்தான் ஆணியும் கரியும் வெச்சேனே?"

ஸ்டெல்லா முட்டையை வாங்கி, அதிலிருந்த தேதியை முதல்முறையாகப் படித்தாள். கொட்டிவாக்கத்துக் கூடை வருவதற்கு இரண்டு நாள் முந்தின தேதி.

"என்னங்க, இது நம்ம வீட்டு முட்டை."

"ஆமா. புதுசு."

"கொட்டிவாக்கத்து முட்டை?"

"அதுல தேதியே இல்ல ஸ்டெல்லா. அதனால..."

"அதனால?"

"ஆம்லெட்."

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நாந்தான் சேவலே வேண்டாம்னுட்டனே! பொறவு குஞ்சு எப்படி சார் வரும்? தபால்லயா?"

முனியம்மா சிரிக்கவில்லை. கூண்டருகே குந்திக்கொண்டாள். "மூணு வாரமா வவுத்தக் காயப்போட்டுக்கினு குந்திகினு கீது இது. எம்பொண்ணு இன்னாத்த எடுத்துக்கினு போவும்?"

அண்ணாச்சியின் கேலி எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது.

ஸ்டெல்லா என்னைத் திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. "கோழிய எழுப்பாதே முனியம்மா. நாளைக்கு இதே நேரம் நல்ல முட்டை வெக்கிறேன்."

"தாங்குமாம்மா?"

"நான் தாங்க வெக்கிறேன்."

மறுநாள் இருவரும் லீவு போட்டுத் திருவான்மியூர்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மணலில் நடந்தோம். கொட்டிவாக்கத்தில் ஸ்டெல்லா முதலில் செய்த காரியம், சின்னம்மா வீட்டுச் சேவலின் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.

"இதுதான் சேவல். நல்லா பாத்துக்கோங்க."

திரும்பும்போது கூடை என் மடியில். நெரிசலில் மேலே சாய்ந்தவர்களிடமெல்லாம் "தள்ளி நில்லுங்க, உள்ள பதினோரு உயிர் இருக்கு" என்று கெஞ்சினேன். ஒருவர் பயந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

பென்சில் பறிமுதல் ஆனது. ஸ்டெல்லா தினமும் காலையில் ஊறவைத்த கேழ்வரகைக் கோழிக்குக் கையிலேயே ஊட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவாள், திரும்பியதும் புடவைகூட மாற்றாமல் கூண்டருகே உட்காருவாள். கொண்டை வெளுத்து, பாதியாய் இளைத்து, அந்தக் கோழி இன்னொரு மூன்று வாரம் உட்கார்ந்தது. நடு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் ஓடு விரிசல் விட்டது. மொத்தம் ஒன்பது குஞ்சு.

முனியம்மா நாலை எடுத்துக் கூடையில் விட்டாள். ஸ்டெல்லா மீதி ஐந்தையும் எடுத்து அதே கூடையில் விட்டாள்.

"வாரம் பாதிதானேம்மா?"

"முதல் மூணு வாரத்துக்கு ஒரு பாதி. இந்த மூணு வாரத்துக்கு ஒரு பாதி. எடுத்துட்டுப் போ."

நாற்பத்துநாலு நாள் உட்கார்ந்த அந்தக் கோழி, ஒன்பது குஞ்சுகளோடு சைதாப்பேட்டைக்குப் போனது. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நியாயம்தான்.

இரண்டு வருடம் கழித்து ஸ்டெல்லா உண்டாகியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேதி கேட்டதும் நான் டைரியைப் பிரித்தேன். ஸ்டெல்லா அதை மூடிவிட்டாள்.

"இவர்கிட்ட கேக்காதீங்க சிஸ்டர். தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் உண்டானாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. இப்போது பேத்திக்கு ஏழாம் மாதம். பிரசவத் தேதி பால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை.