வெள்ளி விழா ஸ்கூட்டர்

“ஒரு ஸ்கூட்டர் செஞ்சிடலாம் சார்!”

ஏணி எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் இருந்த பதினெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நிமிராமல் அவரைப் பார்க்க முடியாது. ஆறடி மூன்று அங்குலம். எடை மெஷின் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். பரண் மேலிருந்து பொருள் எடுக்க வேண்டுமென்றால் யாரும் ஸ்டூலைத் தேட மாட்டார்கள், அவரைத் தேடுவார்கள். வாட்ச்மேனுக்கு ‘ஏணி சார்’. முதலாளிக்கு ‘மிஸ்டர் ஏணி’.

கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. வெள்ளி விழாவுக்குப் புதுமையாக என்ன செய்யலாம் என்று முதலாளி கேட்டிருந்தார். ஒருவர் சுவர்க் கடிகாரம் என்றார். இன்னொருவர் சாவிக்கொத்து என்றார். கணக்குப் பிரிவு அம்மா, “ஒரு நாள் லீவு விடலாம் சார், ரொம்பப் புதுமையா இருக்கும்” என்றார்.

“ஸ்கூட்டரா? வாங்கணுமா?” என்றார் முதலாளி.

“வாங்கறது இல்ல சார், செய்யறது. கஸ்டம் ஸ்கூட்டர்.”

“கஷ்டம்னா எதுக்குய்யா செய்யணும்?”

“கஷ்டம் இல்ல சார், கஸ்டம். நமக்குன்னே தனியாச் செய்யறது. நம்ம கம்பெனி நீலத்துல பெயிண்ட். ஹெட்லைட்டுக்கு மேல நம்ம மெஷினோட முள் டயல். வேகம் ஏற ஏற முள்ளும் ஏறும். ஊர்வலத்துக்கு முன்னால நான் ஓட்டிக்கிட்டுப் போவேன்.”

முதலாளியின் கண் மின்னியது. “அதுக்குப் பழைய வண்டி ஒண்ணு வேணுமே?”

“அதை நான் பாத்துக்கறேன் சார்.”

“அப்போ செலவு கம்பெனியோடது. விழா முடிஞ்சதும் வண்டி உங்களோடது. இருபது நாள் இருக்கு. முடியுமா?”

“பதினெட்டே போதும் சார்.”

ஸ்கூட்டரைப் பொறுத்தவரை பெட்ரோல் மூடியைத் தவிர வேறு எதையும் ஏணி திறந்து பார்த்ததில்லை. அதனால் என்ன? தைரியமாகப் பேசுகிறவனுக்குத் தொழில் தெரிந்தாக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அவர் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு முன்பக்க ஷெட்டில் அவருடைய பழைய ஸ்கூட்டர் நின்றது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அது ஓடி ஆறு வருஷம் ஆகிறது. அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். கைதேர்ந்த தையல்காரி. இரண்டாவது மெஷின் போட அவளுக்கு அந்த இடம் வேண்டும். “அந்தப் பிணத்தை எப்பங்க எடுப்பீங்க?” என்று காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கேட்பாள். ஏணிக்கோ அதைப் பிரிய மனசில்லை.

இப்போது வழி பிறந்துவிட்டது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டியது. கம்பெனி செலவில் வண்டியைப் புதுசாக்க வேண்டியது. பிறகு பரிசு என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வர வேண்டியது. கம்பெனி கொடுத்த பரிசை எந்த மனைவி வெளியே போடச் சொல்வாள்? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல்லும் கம்பெனியுடையது.

மறுநாள் மாலை அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தவள் வெறும் ஷெட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“எங்கங்க அது?”

“பழைய இரும்புக்காரர்கிட்ட தள்ளிட்டேன்.”

“நிஜமாவா? மனசு வந்துதா?”

“உன்னைவிட எனக்கு ஒரு வண்டி பெருசா?”

“வண்டி புக் பீரோவுலதானே இருக்கு? புக் இல்லாமலா வாங்கிக்கிட்டார்?”

“பழைய இரும்புக்கு எதுக்கும்மா புக்? எடை போட்டாப் போதும். எடைன்னா எனக்குத் தெரியாதா?”

அவள் கொஞ்ச நேரம் அவரை அண்ணாந்து பார்த்தாள். அவள் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவர் முகத்தைப் படிக்க அண்ணாந்துதான் ஆக வேண்டும். படித்தாளா இல்லையா தெரியவில்லை. “நல்ல காரியம் பண்ணீங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த மெக்கானிக்கிடம் ஏணி ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் அவரே வரைந்த படம் இருந்தது. மெக்கானிக் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

“சார், இது குதிரையா?”

“ஸ்கூட்டர்யா!”

“ஓ. அப்போ இது வால் இல்ல, சைலன்சர்.”

“புரிஞ்சா சரி. ஒரு விஷயம். என் வீட்டுக்காரிகிட்ட மூச்சு விடக் கூடாது.”

“நான் விட மாட்டேன் சார்” என்றார் மெக்கானிக். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூச்சு விட்டது மெக்கானிக்கின் மனைவி. பையில் ஜிப் தைக்க வந்த இடத்தில், “உங்க பழைய வண்டிக்கு வந்த வாழ்வைப் பாருங்க!” என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். தையல்காரி ஊசியை நிறுத்தவில்லை. “அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கூலி வேண்டாம் என்றாள். இது எதுவும் ஏணிக்குத் தெரியாது. அவர் ஆபீஸில் நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார்.

எட்டாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. சீட்டுக்கு உறை தைக்க வேண்டும். அந்தத் தடிமனான ரெக்ஸினைத் தைக்கிற மெஷினும் கையும் அக்கம்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. அவர் வீட்டில்.

“ஏம்மா, நம்ம ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு. அவரோட ஸ்கூட்டருக்கு சீட் கவர் தைக்கணுமாம்” என்று ஆரம்பித்தார்.

“தைச்சிடலாமே. அளவு?”

“ஸ்கூட்டர் அளவுதான்.”

“சட்டை தைக்க வர்றவங்க மனுஷன் அளவுதான்னு சொன்னா நான் தைச்சுக் குடுப்பேனா? விடுங்க, நானே மெக்கானிக் கடைக்குப் போய் அளவு எடுத்துக்கறேன்.”

ஏணிக்கு ஒரு படி ஆடியது. “வண்டி மெக்கானிக் கடையில இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?”

“ரிப்பேர் ஆகற வண்டி மெக்கானிக் கடையில இல்லாம மருந்துக் கடையிலயா இருக்கும்?”

“அது... வெயில்ல நீ எதுக்கு அலையணும்? அவரே அளவு அனுப்புவார்.”

“சரி, அனுப்பச் சொல்லுங்க.”

தப்பித்தோம் என்று ஏணி மூச்சு விட்டார். இவ்வளவு சாமர்த்தியம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவை அவளிடம் சேர்த்தார், உறையும் தைத்து வந்தது. அதற்குப் பிறகு மெக்கானிக் அவரைக் கடைக்குள்ளேயே விடவில்லை. “பெயிண்ட் காயுது சார், தூசு படும்” என்றார் ஒரு நாள். “நீங்க நின்னா வெளிச்சம் மறைக்குது சார்” என்றார் இன்னொரு நாள். மெக்கானிக்கின் கழுத்தில் தையல்காரரைப் போல ஓர் இஞ்சு டேப் தொங்கியது. தொழிலில் எவ்வளவு நுணுக்கம் பார் என்று ஏணி மெச்சிக்கொண்டார். வீட்டில் மனைவி தினமும் காலை பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம் காணாமல் போகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சர் சொன்னபோது, “நூல் வாங்கப் போயிருப்பா” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

விழா நாள் வந்தது. கம்பெனி முற்றத்தில் பந்தல். பந்தல் நடுவே வெள்ளைத் துணி போர்த்திய உருவம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் மனைவியும் வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பை. ஏணி புதுச் சட்டை, புது ஷூ, கறுப்புக் கண்ணாடி. தன்னை இன்று பார்த்தால் அவள் அசந்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது.

முதலாளி துணியை இழுத்தார். கூட்டம் “ஆ!” என்றது. ஆழ்ந்த நீலம். கண்ணாடி போல மினுமினுப்பு. ஹெட்லைட்டுக்கு மேலே முள் டயல். வெள்ளை நூலில் இழை பிசகாத தையலோடு கறுப்பு சீட். பெருமையில் ஏணிக்கு இன்னும் இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

“ஏறுங்க மிஸ்டர் ஏணி!”

ஏணி ஏறினார். ஏறினார் என்பதைவிட இறங்கினார் என்பதே சரி. சீட் அவர் முழங்காலுக்கும் கீழே இருந்தது. உட்கார்ந்ததும் இரண்டு முழங்கால்களும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஹேண்டில்பாரைத் திருப்பினால் முழங்கால் இடித்தது. முழங்காலை விரித்தால் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனை இடித்தது. வெட்டுக்கிளி ஒன்று தீப்பெட்டி மேல் உட்கார்ந்ததைப் போல இருந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு முன்வரிசைக்கு மட்டும் என்ன தடை?

“என்னய்யா இது? உங்க அளவு உங்களுக்கே தெரியாதா?” என்றார் முதலாளி.

ஏணி மெக்கானிக்கை முறைத்தார். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு, “புக்ல யார் பேரு இருக்கோ, அவங்க குடுத்த அளவு சார்” என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். பையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தாள்.

“கொஞ்சம் எழுந்திரிங்க.”

“நீயா? இது... இது நம்ம...”

“நம்ம?” அவள் குரலில் தேன் வழிந்தது. “நம்ம வண்டியைத்தான் பழைய இரும்புக்குப் போட்டாச்சே. போட்டீங்கதானே?”

முதலாளி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் வண்டி போச்சு. இல்லை என்றால் மானம் போச்சு. ஏணி இரண்டையும் எடை போட்டார். முள் நடுவிலேயே ஆடியது.

“போ... போட்டேன்.”

“அப்போ உங்க வண்டி போச்சு. இது என் வண்டி” என்றாள். பையிலிருந்து வண்டி புக்கை எடுத்து முதலாளியிடம் கொடுத்தாள். வாங்கிய நாளில் ஏணிதான் அவள் பேரில் பதிந்திருந்தார். ‘உனக்காகத்தான் வாங்கறேன்’ என்று சொல்லித்தான் அன்றைக்கு அவளிடம் சம்மதம் வாங்க முடிந்தது. வாங்கியதோடு சரி. அவளுக்கு அதில் கால் எட்டியதே இல்லை.

புக்கைப் படித்த முதலாளியின் முகம் மலர்ந்தது. “சம்சாரம் பேர்ல பதிஞ்சு, சம்சாரத்தோட அளவுக்கே செஞ்சு, கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே! மிஸ்டர் ஏணி, ஆள் மட்டும் உயரம் இல்லய்யா, மனசும் உயரம்!”

கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. ஏணி சுற்றிலும் பார்த்தார். நல்ல பேர் தானாக வந்து மடியில் விழும்போது தட்டிவிடுவது புத்திசாலிக்கு அழகில்லை. “ஏதோ என்னால ஆனது சார்” என்று கும்பிட்டார். பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“பத்து நாளா மெக்கானிக் வீட்டம்மாவோட சின்ன வண்டியில பழகினேன். லைசென்ஸ் எப்பவோ இருக்கு. கால்தாங்க எட்டல. இப்ப எட்டுது.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் பதவிசாகத் தரையில் பதிந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் ஏணிக்கு ஒரு கணம் கோபம் மறந்துபோனது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை. டயல் முள் மெல்ல ஏற, நீல ஸ்கூட்டர் ஊர்வலத்துக்கு முன்னால் நகர்ந்தது. ஏணி பின்னால் நடந்தார். நடந்தாலும், தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் தானே ஓட்டுகிற மாதிரி கையசைத்துக்கொண்டே நடந்தார்.

ஊர்வலம் முடிந்ததும் முதலாளி சீட்டைத் தடவிப் பார்த்தார். “இந்தத் தையல் யாரோடது?”

“என்னோடது சார்.”

“நம்ம ஆளுங்க நூத்தியிருபது பேருக்கும் யூனிஃபார்ம் தைக்கணும்மா. ஒரு மாசத்துல முடியுமா? கூட ஆள் இருக்கா?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இருக்கார் சார். பதினெட்டு நாள்லயே முடிச்சுக் குடுப்பார்.”

அடுத்த வாரம் ஆபீஸ் விட்டு வந்த ஏணி, ஷெட்டில் சட்டைக் குவியலுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுபதாவது பட்டனை வேகமாகத் தைத்து முடித்து நூலை அறுத்தார். மனைவி அந்தச் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாலு ஓட்டையிலயும் நூல் போகணும்ங்க. ரெண்டோட ஏமாத்தக் கூடாது.”