மாதாவுக்கு அடியில் அப்பாவின் போன்

அன்புள்ள ஒஸ்வல்ட் மாமாவுக்கு,

இரத்தோட்டையிலிருந்து உங்கள் மருமகள் ரொஷானி பயத்தோடு எழுதிக்கொள்வது. நாங்கள் நல்ல சுகம். கத்தாரில் உங்கள் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொண்டேன். மாதா இன்றிரவு எங்கள் வீட்டில் இருப்பதால் நேரிலேயே கேட்டேன்.

ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் தோட்ட லயத்தில் வீடு வீடாக வருவது உங்களுக்குத் தெரியும். விடியும்வரை அதன் முன்னால் விளக்கு அணையக்கூடாது. போன வீட்டில் மெழுகுதிரி மாதாவின் லேஸ் துணியைச் சுட்டுவிட்டதால், திரியே வேண்டாம் என்றுவிட்டார் ஃபாதர். மரம் விழுந்து கரண்டும் இல்லை. மாமா அனுப்பிய பவர் பேங்க் இருக்கிறது, விளக்கு என் பொறுப்பு என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டு, குட்டி எல்இடி பல்பைச் செருகினேன். ஜெபமாலை பாதி வருமுன் அணைந்தது. பவர் பேங்க் பட்டனை அமத்தினால் எரியும், கொஞ்சத்தில் மறுபடி அணையும். மதலேனா அத்தை எல்லார் முகத்தையும் பார்த்து, "இந்த வீட்ல யாரோ பாவத்த மறைக்கிறீங்க. வெளக்கு நிக்கலேன்னா அடுத்த வருசம் மாதா இங்க வரமாட்டாங்க" என்றார். அப்பா தலையைக் குனிந்து, "மச்சான் அனுப்புன சப்பாத்து களவு போகலக்கா. கால கடிச்சிச்சு, டிரைவருக்குக் குடுத்துட்டேன்" என்றார். நான் பட்டனை அமத்தினேன். திரும்ப அணைந்ததும் அம்மா, "மதினி, ஒங்க கோழிய நரி புடிக்கல. நாமதான் தின்னோம். நீங்ககூட ரெண்டு தரம் கொழம்பு கேட்டீங்க" என்றார். அடுத்தது என் முறை என்று மறுபடி பட்டனை அமத்தியபோதுதான் யோசனை வந்தது. போனுக்கு சார்ஜ் ஏறும்போது பவர் பேங்க் அணைவதே இல்லையே. பல்பு இழுப்பது மிகக் கொஞ்சம், அதனால் ஒன்றுமே செருகவில்லை என்று நினைத்துத் தூங்கிவிடுகிறது. மற்ற ஓட்டையில் அப்பாவின் போனைச் செருகி லேஸுக்கு அடியில் மறைத்தேன். அதன் பிறகு அணையவில்லை. போன் நிறைந்தால் இழுப்பது குறையுமே என்று அதன் டோர்ச்சையும் போட்டுவிட்டேன். மாதாவின் காலடியில் கூடுதலாக ஓர் ஒளி. அதைப் பார்த்து அத்தை கண் கலங்கிப் படுத்தார். அம்மாவும் அப்பாவும் கோழிக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துத் தூங்கினார்கள். எனக்கும் சந்தோசம்தான், ஆனால் அத்தை லேஸைத் தூக்கிப் பார்த்தால் நான் தொலைந்தேன். யாருக்கும் சொல்லாதீங்க மாமா. அடுத்த தடவை பெரிய பல்பாக அனுப்புங்க.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும், நேரில் வாங்கி அனுப்பும் மாதாவின் ஆசீர்.

ரொஷானி

பி.கு.: மாமா, இப்போது நீங்கள் எடுத்த போன் கோல் மாதாவுக்கு அடியிலிருந்து அடித்தது. அத்தை துள்ளி எழும்பி முழங்காலில் நின்றார். அப்பா தூக்கக் கலக்கத்தில் போனைப் பிடுங்கி, டோர்ச்சை அணைத்து ஹலோ என்றார், கொஞ்சத்தில் விளக்கு அணைந்தது. "தம்பி, சப்பாத்து அளவப் பிழையா சொன்னது நாந்தான். ஒனக்குச் சின்னதா இருந்தா எனக்கு ஆகட்டும்னுதான்" என்று அத்தை தொடங்கியது உங்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு லைன் போய்விட்டது. இதை இருட்டில் எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னிக்கவும். பட்டன் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமத்தவில்லை. அத்தை இன்னும் முடிக்கவில்லை.