தாலபாத்ராவின் நாசிப் போர்

இருதுளை நாசியனை, காப்பீட்டு அலுவலகத்து மூன்றாம் மாடிக் கோமானை, முள் ஆயிரம் கொண்ட இலிஷ் மீனை ஒரு முள்ளும் தொண்டையில் தைக்காமல் உண்டெழும் நாநுட்பச் செம்மலை, பேஹாலாவில் வாழும் பிரசூன் தாலபாத்ராவைப் பாடத் துணிந்தேன். காப்புக்கு எந்தத் தெய்வத்தை அழைப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். மூக்குச் சளியைப் பற்றிய கதைக்குத் தெய்வங்கள் அவ்வளவாக முன்வருவதில்லை. ஆகவே, நான்காய் மடிந்த வெண்பருத்திக் கைக்குட்டைத் தாயே, நீயே இந்தக் கதையை ஈரம் பாராமல் காத்தருள்க.

ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஆறாம் நாளில் வங்கத்து மாமியார்கள் மருமகன்களை வரவழைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, நெற்றியில் தயிர்ப் பொட்டிட்டு, நனைத்த பனையோலை விசிறியால் விசிறி, நோய்நொடியில்லாமல் இரு என்று வாழ்த்தி, அதன்பின் ஒரு மனிதன் தாங்கக்கூடியதைவிடச் சற்றே அதிகமாக உணவிடுவார்கள். அந்த ஜாமாய் ஷஷ்டி நாளுக்காகவே நம் கோமான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்பவன். சென்ற ஆண்டு அலுவலகம் அவனைப் பயிற்சிக்கென்று பாட்னாவுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சந்தையில் நல்ல இலிஷ் வரவில்லை. இந்த ஆண்டோ மாமனார் மீன்காரனிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்து, முட்டை நிறைந்த ஒன்றரைக் கிலோ இலிஷுக்கு வாக்கு வாங்கியிருந்தார். கடுகரைத்து வேகவைத்த அந்த மீனின் அடிவயிற்றுத் துண்டை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்துவிட்டு வாயில் வைப்பதென்று தாலபாத்ரா உறுதி பூண்டிருந்தான். முகராமல் தின்றால் அது வெறும் மீன் என்பது அவன் கொள்கை.

திருநாள் புதன்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மெட்ரோவில் நின்றபடி வந்தவன், யாரோ ஒரு தும்மல்காரர் பிடித்துவிட்டுப் போன கம்பியைப் பிடித்தான். இரண்டு நிலையம் கழித்து மூக்கைச் சொறிந்தான். கோட்டையின் கதவு அவ்வளவு எளிதில் திறந்தது.

உள்ளே நுழைந்தது சளிக்கிருமி. அணுவினும் அற்பன், வாளில்லான், வேலில்லான், வயிறுகூட இல்லான். பிறர் வீட்டு அடுப்பில் தன் குலத்தைச் சமைத்துப் பெருக்குவது ஒன்றே அவன் அறிந்த கலை. நாசிச் சுவரின் ஓர் உயிரணுவைத் தட்டித் திறந்து, உள்ளே அமர்ந்து, தன்னைப்போலவே ஆயிரம் பேரை அச்சடித்து வெளியே விட்டான். அந்த உயிரணு சாகும்முன் அண்டை வீட்டார்க்கெல்லாம் அபயக்குரல் எழுப்பிவிட்டுச் செத்தது.

அக்குரல் கேட்டு எழுந்தது பார், தாலபாத்ராவின் வெள்ளணுப் பெரும்படை! ஊன் உண்ணும் முன்னணிப்படை, உடன்பிறந்த அணுவென்றும் பாராமல் கிருமி புகுந்த வீட்டைக் கிருமியோடு கொளுத்தும் கொலைப்படை, பகைவன் முகத்தை ஒரு முறை கண்டால் ஒருபோதும் மறவாத ஒற்றர்படை என்று குருதியாற்றில் திரள் திரளாகப் புறப்பட்டு வந்தது. படைத்தலைமை பறையறைந்தது:

"நாசி நாளங்கள் அகன்று வீங்குக! நம் படை நடக்கும் பாதை அகலமாகட்டும். இருதுளையும் அடைபடுக! கோழை பெருகி வெள்ளமாய்ப் பாய்க! உடல் கனன்று எழுக! அகப்பட்ட பகைவனைத் தும்மலெனும் சூறையில் ஏற்றி நாடு கடத்துக! வெற்றி கிட்டும்வரை இவ்வுடலுக்கு உரியவனின் வசதி கருதப்படமாட்டாது!"

இங்கேதான் கோபம் வருகிறது எனக்கு. மூக்கடைப்பும் ஒழுகலும் காய்ச்சலும் பகைவனின் வேலை என்று ஊரே அவனைத் திட்டுகிறது. பாவம், அவன் மூலையில் உட்கார்ந்து பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தான். அடைத்தது, ஒழுகவிட்டது, கொதிக்கவைத்தது எல்லாம் நம் சொந்தப் படை. காப்பாற்ற வந்தவர்கள் வீட்டையே புரட்டிப்போடுவது உடலுக்குள்ளும் நடக்கிறது.

சனிக்கிழமை காலை தாலபாத்ரா கடுகெண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தான். ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் வரவேண்டிய எண்ணெய், குழாய்த் தண்ணீர்போல மௌனம் காத்தது. மனைவி ஸ்வாகதா அதைப் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா முன்னாடி ஒரே ஒரு தும்மல் போட்டாலும் போச்சு, சொல்லிட்டேன். உனக்குன்னு தனியா பப்பாளிக்காய் ஜோல் வச்சிருவாங்க. இலிஷைக் கண்ணுலகூடக் காட்ட மாட்டாங்க."

"நீ சொல்லாம இருந்தாப் போதும்."

"நான் சொல்லல. உன் மூக்கு சொல்லாம இருக்கணுமே."

அவள் சொன்னதில் மிகை இல்லை. மாமியார் பீணாபாணி தேவியின் அரசில் சளிக்கு ஒரே காரணம் குளிர், ஒரே தண்டனை பத்தியம். காய்ச்சிய எண்ணெயும் கடுகும் முட்டை மீனும் அன்றே விலக்கு. காரமில்லாத பப்பாளிக்காய்க் குழம்பில் தேளிமீன் ஒன்று நீந்தி வரும். மேல்முறையீடு கிடையாது.

நான்கு நாள் நம் கோமான் இருமுனைப் போர் நடத்தினான். தெருமுனை ஹோமியோபதி டாக்டரின் வெள்ளை உருண்டைகளை வேளைக்கு நான்காக நாவில் கரைத்தான். போர்வைக்குள் புகுந்து ஆவி பிடித்தான். ஜூன் மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தான். ஒவ்வொரு விடியலிலும் புட்டியை முகர்ந்தான். ஒவ்வொரு விடியலும் கைவிரித்தது. உள்ளேயோ, தாடைக்குக் கீழே நெல்லிக்காயளவு வீங்கிய நிணநீர்க் கணுவில், பகைவனின் முகவெட்டுக்கு அளவெடுத்து எதிர்ப்பொருள் எனும் விலங்குகளை இரவும் பகலும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள்தான். ஆனால் அளவெடுக்கவே நாலைந்து நாள் ஆகும் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

புதன் விடிந்தது. புட்டியை முகர்ந்தான். இடது நாசியின் ஆழத்தில், மூடிய கதவின் அடியில் தெரியும் வெளிச்சம்போல, ஏதோ லேசாக உறைத்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மதியத்துக்குள் திறந்துவிடும் என்று நம்பினான். சட்டைப் பைகளில் மூன்று கைக்குட்டைகளை ஒளித்துக்கொண்டு, புத்தாடை உடுத்து, மனைவியோடு மாமியார் வீடிருக்கும் பாராநகர் நோக்கிப் படையெடுத்தான்.

அங்கே மூத்த மருமகன் தீப்தேந்து கோஷால் முன்பே வந்து மணையில் அமர்ந்திருந்தார். மீனின் அடிவயிற்றுத் துண்டு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதை மூடி திறக்காமலே அறியும் ஆற்றல் படைத்தவர். இளைய சகலையின் சிவந்த நுனிமூக்கைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சாந்தம் பரவியது.

மாமியார் வந்தார். மஞ்சள் நூல் கட்டினார். தயிர்ப் பொட்டிட்டார். தாலபாத்ரா மூச்சை அடக்கி, வாயை இறுக்கி, சிலைபோல் வீற்றிருந்தான். உள்ளிருந்து எழுந்த இரண்டு தும்மல்களை முறையே ஒரு இருமலாகவும் ஒரு புன்னகையாகவும் மாற்றிக் காட்டினான். அத்தகைய வீரத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து பித்தளைத் தூக்கு வந்து மூடி திறந்தபடி அவன் முன்னே இறங்கியது. மஞ்சள் கடுகுக் குழம்பில் பச்சைமிளகாய் மிதக்க, முட்டையோடு அந்தத் துண்டு கிடந்தது. இன்னும் ஒரே ஒரு சடங்குதான் பாக்கி.

பீணாபாணி தேவி பனையோலை விசிறியைத் தண்ணீரில் தோய்த்தெடுத்து, "ஷாட், ஷாட், ஷாட்," என்று மருமகனின் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் வாழ்த்திக்கொண்டே வீசினார். மூன்றாம் வீச்சில் குளிர்ந்த ஒரு துளி புறப்பட்டு, சரியாக இடது நாசியின் விளிம்பில் அமர்ந்தது.

படைத்தலைமை அதைப் புதிய முற்றுகை என்று கருதிவிட்டது. ஐந்து நாள் அடக்கிவைத்த சூறைகளையெல்லாம் ஒன்றாய்த் திரட்டி, நாடு கடத்தக் காத்திருந்த பகைவர் இலட்சத்தையும் ஏற்றி, ஒரே தும்மலாக வெளியேற்றியது. மூத்த மாப்பிள்ளையின் மீசை அசைந்தது. கீழ்வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிற நான் ஜன்னலைச் சாத்தினேன். வெடி என்று நினைத்தேன்.

பீணாபாணி தேவி விசிறியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா இருக்கு பாபா?"

"இல்லம்மா, தூசி..."

"தூசியா? கழுத்துல கை வைக்கறேன், அனலா கொதிக்குது. ராத்திரி ஏசி போட்டுத் தூங்கினியா இல்லையா? ஸ்வாகதா, நீ சொல்லு."

ஸ்வாகதா ஈர விசிறியை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"அம்மா, நீங்க கவலைப்படாதீங்க," என்றார் தீப்தேந்து, மிகுந்த அன்போடு. "தம்பிக்கு இப்ப எதுவும் வாசனை தெரியாது. அவனுக்கு இலிஷும் ஒண்ணுதான், பப்பாளியும் ஒண்ணுதான். அந்தத் துண்டு வீணாப் போகாம நான் பாத்துக்கறேன்."

"தீப்தேந்து அண்ணா, இடது பக்கம் கொஞ்சம் திறந்திருக்கு," என்றான் தாலபாத்ரா. அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் கல்லையும் கரைத்திருக்கும். மாமியாரைக் கரைக்கவில்லை. பித்தளைத் தூக்கு மூன்று அடி தள்ளிப் பயணம் செய்தது. மாமனாரின் குரங்குக் குல்லா பெட்டியிலிருந்து வந்தது. ஜூன் மாத நண்பகலில், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, மணிக்கட்டில் மஞ்சள் நூலோடு, நம் நாயகன் பப்பாளிக்காய்க் குழம்பைக் கரண்டி கரண்டியாக அருந்தினான். எதிரே சகலை முள்ளைச் சூப்பும் ஓசை மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. காதுப் பக்கம் எந்த அடைப்பும் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தச் சகலையும் தும்மினார் என்பது உண்மை. ஆனால் மீன் அதற்குள் அவருடையதாகிவிட்டது, ஆகவே அதை நீதி என்று நான் கொண்டாட மாட்டேன்.

உண்ட களைப்பில் குல்லாவோடு அவன் உறங்க, உள்ளே இறுதிப்போர் மூண்டது. வார்த்தெடுத்த விலங்குகள் வெள்ளமாய் இறங்கின. பகைவர் கூட்டங்கூட்டமாய்ப் பிணிக்கப்பட்டனர், ஊனுண்ணிகள் விருந்துண்டனர், வீக்கம் வடிந்தது, கோழை வறண்டது. இக்கிருமியின் முகம் இனி எந்நாளும் மறக்கப்படாது என்று முதுநினைவணுக்கள் சூளுரைத்தன. அக்கிருமிக்கு நூற்றுக்கு மேல் பங்காளிகள் இருப்பதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு இருதுளையும் ஒருங்கே திறந்தன. வெற்றிமுரசு அதிர, திறந்த வாயில் வழியே முதன்முதலாக அரண்மனை புகுந்தது கடுகரைத்த இலிஷின் மணம்: அடுக்களையிலிருந்து, வாசற்படி தாண்டி, குல்லாவின் கம்பளி தாண்டி, ஈராண்டுக் காத்திருப்பெல்லாம் ஒரே மூச்சில் நிறைக்கும் மணம். துயில் நீங்கினான், குல்லாவைக் கழற்றி எறிந்தான், வெற்றிவேந்தனாய் எழுந்து, மணத்தின் வழியே நடந்து, அடுக்களை புகுந்து, பித்தளைத் தூக்கின் மூடியை இரு கைகளாலும் திறந்தான்.

மீன் தீர்ந்துபோயிருந்தது.