காலில் எட்டு ஸ்குரு, மனதில் ஜெசி

நான் பொறாமைக்காரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தாறு வயதும், வலது காலில் ஒரு பிளேட்டும் எட்டு ஸ்குருவும் தேவைப்பட்டன. வேலை பார்க்கும் வங்கியில் எல்லோரிடமும் மருந்துவாழ்மலையில் குரங்கு பாய்ந்து தட்டிவிட்டது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். குரங்கு பாவம், அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. நான் விழுந்ததற்குக் காரணம் ஜெசி. (அவளும் என்னைத் தொடவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள், அவ்வளவுதான்.)

நாங்கள் எட்டுப் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மலையேறுகிறவர்கள். குழுவை ஆரம்பித்தவள் நான். சுகர் எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் ஆரம்பித்தேன். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிக்கு முதலில் போய்ச் சேருகிறவள்தான் மற்ற ஏழு பேருக்கும் கருப்பட்டியை உடைத்துக் கொடுக்க வேண்டும். அவள் கையால் வாங்கி வாயில் போட்ட பிறகுதான் தண்ணீர், போட்டோ, ஊர்வம்பு எல்லாம். ஐந்து வருடம் அந்தக் கை என்னுடையதாக இருந்தது. வங்கியில் பதவி உயர்வு வராததைக்கூட அந்தக் கருப்பட்டியை வைத்துத்தான் சமாளித்தேன்.

ஜெசி குழித்துறைப் பக்கத்துக்காரி, நாகர்கோவிலில் வாக்கப்பட்டவள். ரப்பர் தோட்டத்துச் சரிவுகளில் ஏறி இறங்கி வளர்ந்த கால். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். குழுவில் சேர்ந்து இரண்டு வருடமும் மரியாதையாக என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, "அக்கா, நான் இச்சிரி முன்னே போட்டா?" என்று கேட்டாள்.

"போ மக்கா, அதுக்கென்ன" என்று சிரித்தேன். அவள் பாறையைச் சுற்றித் திரும்பியதும், ஆடு மேய்ப்பவர்கள் போகிற குறுக்குத் தடத்தில் பாய்ந்தேன். பத்தாவது எட்டில் சரளைக்கல் வழுக்கியது. முருங்கைக்காயை ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஆஞ்சநேயர் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்த துண்டுதான் இந்த மலை என்பார்கள். அந்தத் துண்டிலிருந்து நான் உதிர்ந்தேன்.

ஏழு பேரும் துப்பட்டாக்களை முடிந்து தூளி கட்டி, மாற்றி மாற்றித் தூக்கி என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். தலைப்பக்கத்தைக் கடைசிவரை மாற்றாமல் பிடித்து வந்தவள் ஜெசி. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பாத்ரூம் வரை போகலாம் என்று சொல்லி, கொட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே ராஜம் ஒரு தாளோடு வந்தாள். ராஜம் என் பழைய சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிறவள். வாரத்துக்கு ஏழு நாள், ஆள் ஏழு பேர், ஆளுக்கொரு நாள் முறை என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். என்னைக் குளிக்க வைப்பது, பயிற்சி செய்ய வைப்பது, மத்தியானச் சோறு, எல்லாம் அன்றைய முறைக்காரியின் பொறுப்பு. எலும்பு கூட ஆட்டுக்கால் சூப்பு நல்லது என்று யாரோ சொல்லிவிட, ஆறு பேர் ஆறு நாளும் அதையே கொண்டுவந்தார்கள். அந்த ஒன்றரை மாதத்தில் கொட்டாரம் வட்டாரத்தில் நாலு காலோடு நின்ற ஆடு ஒன்றாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

சூப்பு கொண்டுவராத ஏழாவது ஆள் ஜெசி. அவள் முறை வியாழக்கிழமை. முதல் வியாழனன்று சாளைப் புளிமுளம் என்கிற மீன்குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் கொண்டுவந்தாள். என் கணவர் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக என் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "ம்" என்று மட்டும் சொல்லுகிறவர். (நல்லா இருக்கிறதா என்று கேட்டால் இரண்டு "ம்".) அன்றைக்குத் தட்டை வழித்துவிட்டு, "பகவதி, இதுல என்ன சேத்திருக்கான்னு கேட்டு வச்சுக்கிடு" என்றார். அடுத்த வியாழன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வியாழன், தான் வர நேரமாகிவிட்டால் என்ன செய்வது என்று வீட்டின் மாற்றுச் சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஜெசி என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். முகம் சுளிக்காமல் என்னைக் குளிப்பாட்டினாள். நான் முழங்காலை மடக்கும்போது வலிக்கிறதே என்று அவள் பல்லைக் கடித்தாள். அவளிடம் ஒரு குற்றம் கண்டுபிடிப்பதை முழுநேர வேலையாக, படுத்தபடியே பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

வியாழனையாவது தாங்கலாம். ஞாயிறு வந்தால் வாட்ஸ்அப்பில் உச்சியிலிருந்து போட்டோ வரும். நான் அதை விரலால் விரித்து விரித்து ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பேன். பின்னால் கடல், காற்றாலைகள். நடுவில் ஜெசி. ஜெசியின் கையில் கருப்பட்டி. என் சொந்த சிநேகிதி ராஜம் அவள் முன்னால் கையேந்தி நிற்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு. நான் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து என் மகள் நித்யா மாத்திரை எடுத்துத் தந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு. நாகர்கோவிலில் என் மதினியின் பேரனுக்குக் காதுகுத்து. மதினி என்றால் என் கணவரின் அக்கா, வராதவர்கள் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர். படுக்கையைவிட்டு அசைய முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று போனில் குரல் நடுங்கச் சொல்லியிருந்தேன். என் கணவரும் நித்யாவும் எனக்குப் பிளாஸ்க், போன், வாக்கர் எல்லாம் கைக்கெட்ட வைத்துவிட்டு, முன்கதவைப் பூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை முறைக்காரி மலையிறங்கி, ஜெசியிடம் சாவி வாங்கிக்கொண்டுதான் வருவாள்.

ஏழரை மணிக்குப் போன் சிணுங்கியது. பாதி மலையிலிருந்து போட்டோ. முன்னால் ஜெசி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு. இடுப்பில் வைத்த அந்தக் கை என்னவோ செய்துவிட்டது என்னை.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மருந்துவாழ்மலை முழுசாகத் தெரியும். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஐந்து வருடம் மலையேறியவளுக்குப் பதினெட்டுப் படி ஒரு படியா? வாக்கரைக் கீழேயே விட்டுவிட்டு, முதல் படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கைகளை ஊன்றி, அடுத்த படிக்கு என்னைத் தூக்கி வைத்தேன். பிளேட் போட்ட கால் நீட்டியபடி கூடவே வந்தது. ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கி, வியர்த்து, முக்கால் மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தேன். மலையேறுகிறவர்களுக்கே உரிய புத்தி இது. ஏறுவதற்குத் திட்டம் இருக்கும், இறங்குவது தானாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கையும் இருக்கும்.

மாடியில் உட்கார்ந்து, மலை என் தலைக்குப் பின்னால் வரும்படி போனைச் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்தேன். "நானும் ஏறிட்டேன். இன்னைக்கு யாரு முதல்ல?" என்று எழுதிக் குழுவில் போட்டேன். கைதட்டல்களும் இதயங்களும் வரிசையாக வந்தன. ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது.

அது ஆனி மாதம். நம்மூர் ஆனிக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியின் இரும்புக் கதவை அது ஒரே அறையாக அறைந்து சாத்தியது. உள்பக்கம் கொண்டி விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உட்கார்ந்தபடியே தள்ளிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். கணவருக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். காதுகுத்து வீட்டு மேளத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. வெயில் ஏறியது. தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நகர்ந்து போனேன். அங்கே நிம்மதியாக யோசிக்கலாம் என்று பார்த்தால், எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

கௌரவம் பெரிதா, ஒன்றுக்கு பெரிதா என்று பத்து நிமிடம் போராடினேன். அதன்பின் குழுவில் எழுதினேன்: "மாடிக் கதவு அடைச்சுக்கிட்டு. எறங்க முடியல்ல. யாராவது வாங்க." சற்றுமுன் நான் போட்ட போட்டோவுக்கு நேர் கீழே அது போய் உட்கார்ந்தது.

உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றவர்கள் ஏழு பேரும் அப்படியே திரும்பினார்கள். அன்றைக்கு யாரும் கருப்பட்டி உடைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு ஆட்டோக்களில் வந்து இறங்கி, ஜெசியிடம் இருந்த மாற்றுச் சாவியால் முன்கதவைத் திறந்து, மாடிக்கு ஓடி வந்தார்கள். ராஜம் வாயைத் திறக்குமுன், "முதல்ல பாத்ரூம்" என்றேன். தூளி கட்ட நேரமில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஜெசி என் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்க முதுகுல ஏறுங்க. கழுத்தப் பிடிச்சுக்கிடுங்க. பேடிக்காண்டாம், நான் இருக்கேம்லா."

எழுபத்திரண்டு கிலோ. (சரி, எழுபத்தாறு.) ராஜம் என் காலைத் தாங்கிக்கொண்டாள். ஜெசி படிப்படியாகப் பைய இறங்கினாள். பாதியில், மூச்சு வாங்க நின்றவள், திரும்பாமலே சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுப்பியளா? எனக்கு ஒங்க மேல பயங்கரப் பொறாமையாக்கும்."

"எம்மேலயா? எதுக்கு மக்கா?"

"போன வருஷம் எனக்கு டெங்கு வந்து பத்து நாள் கெடந்தேம்லா. குரூப்புல எல்லாரும் பூப்படம் போட்டிய. ஒருத்தரும் வரல்ல. ஒங்களுக்கு ஒரு காலு ஒடிஞ்சதுக்கு ஏழு வீட்டுச் சோறு வருது. வியாழக்கிழம ஒங்க வீட்டுலேருந்து போகும்போ எல்லாம் நெனப்பேன், எனக்கும் ஒரு காலு ஒடிஞ்சா கொள்ளாம்னு."

அந்தப் பூப்படங்களில் முதல் பூ நான் போட்டது. குழுவை ஆரம்பித்தவள், முன்னால் நடப்பவள், நாகர்கோவில் போய் அவளை ஒரு எட்டுப் பார்த்து வரவில்லை. அவளுடைய வியர்த்த கழுத்தைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது சந்தோஷம். ஜெசிக்கு என்மேல் பொறாமை. ஐந்து வாரம் மாத்திரைக்குக் கேட்காத வலி, ஒன்பதாவது படியில் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு கடைசிப் படியில் இறங்கி நிமிர்ந்தால், கூடத்தில் மதினி நிற்கிறார். கையில் விருந்துச் சாப்பாட்டுத் தூக்கு. பின்னால் என் கணவர், நித்யா, மதினி வீட்டு ஆட்கள் நாலைந்து பேர். அசைய முடியாமல் கிடக்கிறவளைப் பார்த்து ஆறுதல் சொல்ல வேனில் வந்திருக்கிறார்கள்.

"ஏட்டி பகவதி, படுக்கைய விட்டு அசைய மாட்டாள்னு இவன் சபையில எல்லாருகிட்டயும் சொல்லிக் கண்ணத் தொடைக்கான். நீ ஆன மேல வாறது மாதிரில்லா எழுந்தருளுற" என்றார் மதினி.

"பாத்ரூம்" என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான். ஜெசி மதினியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

எக்ஸ்ரேயில் ஸ்குருக்கள் எட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. டாக்டர் திட்டிவிட்டு, மேலும் இரண்டு வாரம் படுக்கப் போட்டார். இப்போது மறுபடியும் மலையேறுகிறேன், எட்டாவது ஆளாக. போன மாதம் ஜெசிக்குக் கணுக்கால் பிசகியது. சேதி வந்த அரை மணி நேரத்தில் தாளை எடுத்து நானே முறை எழுதினேன். முதல் நாள் முறையும் எனக்குத்தான் வேண்டும் என்று ராஜத்தோடு சண்டை போட்டு வாங்கினேன். சூப்போடு போனால், அவள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் வேறு.

வீட்டுக்கு வந்து, "வெறும் பிசகு. அதுக்கு இவ்வளவு கூட்டமா? எனக்குக்கூட முதல் நாள் இப்படி வரல்ல" என்றேன். என் கணவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாடிக்கு ஏறணும்னா சொல்லு பகவதி. கதவுக்குக் கல்லு வைக்கேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதே பாட்டுதான். சித்தி மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தாலும், வங்கியில் இன்னொருத்திக்குப் பதவி உயர்வு வந்தாலும், நான் வாயைத் திறக்குமுன் யாராவது கல்லைப் பற்றி விசாரிப்பார்கள். போன வாரம் எதிர்வீட்டு வாசலில் புதுக் கார் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் வழியாகச் சும்மா எட்டிப் பார்த்தேன். நித்யா கல் எடுக்கப் போய்விட்டாள்.