வாறம்

றோஸின் புதுக் குசினியில் முதலில் குடிபுகுந்தது அவள் வளர்த்த கறுப்புக் கோழிதான். கதவில்லாத கீழ்த்தட்டில், சவர்க்காரம் வைக்கவென்று ஒதுக்கிய இடத்தில், ஒன்பது முட்டை இட்டுவிட்டு அடையும் கிடந்தது.

"கோழிக்குப் பிடிச்சிருக்கு," என்றான் பிலிப்பு.

"வாயை மூடுங்கோ," என்றாள் றோஸ்.

அவன் மூடினான். பிலிப்பு அவளுடைய புருசன். கடலில் ஆள் கெட்டிக்காரன், கரையில் சொன்னதைச் செய்கிறவன். சொல்லாததைச் செய்யப் போய்த்தான் இடைக்கிடை மாட்டிக்கொள்வான்.

இருபத்தேழு வருடமாகக் கிடுகுக் கொட்டிலுக்குள் குனிந்து, புகை தின்று சமைத்தவள் றோஸ். நிமிர்ந்து நின்று ஒரு மீன்குழம்பு வைக்கவேண்டும், அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதற்காகக் கொட்டிலைப் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் கல்லால் அறை எழுப்பி, சுவரோடு சேர்த்துத் தட்டு, அலுமாரி, சிங்க் எல்லாம் பூட்டித் தருகிற பன்ரிக் கடைக்காரன் வாகீசனைப் பிடித்தாள். எழுவைதீவில் பன்ரி பூட்டுகிற முதல் வீடு அவளுடையது. முழுக்காசையும் கையில் கொடுத்தாள். அதைத்தான் பிறகு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வாகீசனும் இன்னொரு தச்சுவேலைப் பாஸும் படகில் பலகை கொண்டுவந்து பின்னேரம் வரை தட்டினார்கள். கடைசிப் படகு கூப்பிட்டதும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, "வாறம் அக்கா!" என்று ஓடினார்கள். பன்னிரண்டு கதவுகளும், சிங்குக்குக் கீழே பூட்டுகிற குழாயும் யாழ்ப்பாணத்திலேயே கிடந்தன.

இந்த 'வாறம்' இருக்கிறதே, அது பொல்லாத சொல். எங்கள் பக்கத்தில் எவரும் 'போறம்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. றோஸின் தம்பி பிரான்சுக்குப் போனபோதும் படலையில் நின்று 'வாறன்' என்றுதான் சொன்னான். பத்தொன்பது வருடமாகிறது, இன்னும் வரவில்லை.

றோஸ் ஐந்து செவ்வாய் காத்திருந்தாள். பிறகு போன் எடுத்தாள்.

"தம்பி, வாறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனியள்?"

"ஓம் அக்கா, வாறம்."

"எப்ப?"

"அதுதான் சொன்னனே அக்கா. வாறம்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டு மீன் வெட்டப் போனாள். முற்றத்துப் பூவரசுக்குக் கீழே மூன்று கல்லு வைத்துத்தான் இப்போது சமையல். ஐப்பசி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மழை வந்தால் அந்தக் கல்லும் இல்லை.

பிலிப்புவுக்கு மனம் கேட்கவில்லை. அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்து, என்ஜினுக்கு வைத்திருந்த றப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, சிங்குக்குக் கீழே வைத்து, வலை பின்னுகிற நூலால் இறுக்கிக் கட்டினான். கதவுக்குப் பதிலாகப் பழைய வலையைத் தொங்கவிட்டான். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. றோஸ் வந்து சிங்கில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். குழாய் கழன்றது. தண்ணீர் முழுவதையும் பலகை குடித்தது. விடியப் பார்த்தால் சிங்குக்குக் கீழிருந்த தட்டு பாண் மாதிரிப் பொங்கிப்போய் இருந்தது. கோழி மட்டும் நனையாமல் அடுத்த தட்டில் முட்டையோடு இருந்தது.

றோஸ் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நல்ல சீலையை எடுத்துத் தோய்த்துப் போட்டாள்.

"எங்கை போறீர்?"

"யாழ்ப்பாணம், வாற செவ்வாய். எனக்குச் சட்டம் இருக்கு."

அடுத்த செவ்வாய் முதல் படகில் ஊர்காவற்றுறைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் போனாள். பாவனையாளர் முறைப்பாடு எடுக்கிற அதிகாரி செவ்வாயில்தான் ஆட்களைச் சந்திப்பாராம். அதிகாரி தாரிகா சின்ன வயசுப் பிள்ளை. ஆனால் நிதானமாகக் கேட்டாள்.

"வேலையை எப்ப முடிச்சுத் தாறம் எண்டு சொன்னவை அம்மா?"

"வாறம் எண்டு சொன்னவை."

"அது போகேக்கை சொல்லுறது. நானும் பின்னேரம் வீட்டை போகேக்கை வாறன் எண்டுதான் சொல்லுவன்."

"அப்ப நாளைக்குக் கந்தோருக்கு வரமாட்டீரோ பிள்ளை?"

தாரிகா பேனையைக் கீழே வைத்து யோசித்தாள். பிறகு, 'மீண்டும் வருவதாக உறுதியளித்துள்ளனர்' என்று எழுதினாள்.

"காசை வாங்கிப்போட்டு வேலையை அரைவாசியிலை விட ஏலாது அம்மா. முடிச்சுத் தரவேணும், இல்லாட்டித் திருப்பித் தரவேணும். அது பாவனையாளரின்ரை உரிமை. ஆனா மூண்டு விசயம். ஒண்டு, போனிலை கதைக்காதையுங்கோ, வாய்ப்பேச்சு நிக்காது, எல்லாம் எழுத்திலை. ரெண்டு, குசினி இருக்கிறபடியே இருக்கவேணும், ஒருத்தரையும் தொட விடாதையுங்கோ. மூண்டு, படம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

திரும்பி வரும்போது படகில் றோஸின் தலை நிமிர்ந்திருந்தது. படகோட்டி பஸ்ரியாம்பிள்ளை அவளைச் சின்னனிலிருந்து தெரிந்தவர்.

"என்ன பிள்ளை, யாழ்ப்பாணத்திலை என்ன புதினம்?"

"நான் பாவனையாளராம் அண்ணை."

"அப்பிடியெண்டா?"

"சாமானைப் பாவிக்கிற ஆள்."

"நீ இன்னும் பாவிக்கத் தொடங்கேல்லையே," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிலிப்புவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"கேளுங்கோ. இனி அது குசினி இல்லை, ஆதாரம். நான் இல்லாத நேரம் ஒருத்தரையும் உள்ளுக்கை விடக்கூடாது. ஆர் வந்தாலும்."

"ஆர் வந்தாலுமோ?"

"பங்குச் சுவாமி வந்தாலும்."

"கோழி?"

றோஸ் கோழியைப் பார்த்தாள். "கோழி இருக்கிறபடியே இருக்கட்டும்."

அன்று இரவே வாகீசனின் போன் வந்தது. இவ்வளவு நாளும் தானாக ஒரு அழைப்பும் எடுக்காதவனுக்கு இப்போதுதான் நாக்கு முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கட் பண்ணினாள். மறுநாளும் வந்தது, மறுநாளும் கட் பண்ணினாள். மூன்றாம் நாள் அந்த இலக்கத்தையே புளொக் பண்ணிவிட்டாள். அதை எப்படிச் செய்வதென்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பழகிய நேரத்தில் ஒரு குழம்பு வைத்து இறக்கியிருக்கலாம்.

இரண்டாம் செவ்வாய் படங்களோடு போனாள். தாரிகா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு படத்தில் நின்றாள்.

"இந்தப் பலகை ஏன் பொங்கியிருக்கு? வலையும் தொங்குது?"

"அது என்ரை மனிசன் செய்தது."

"அப்ப அவை நீங்கள்தான் பழுதாக்கினது எண்டு சொல்லப்போகினம் அம்மா."

அன்றைக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. படலையைத் திறக்கும்போது பிலிப்பு வாசலில் நின்றான்.

"இஞ்சேரும், இண்டைக்கு எங்கட குசினிக்கு..."

"குசினி எண்ட சொல்லே உங்கட வாயிலை வரக்கூடாது! உங்களாலைதான் எல்லாம். நான் கேக்கிற வரைக்கும் ஒரு கதையும் வேண்டாம்."

பிலிப்பு தலையாட்டினான். அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவுமில்லை.

மூன்றாம் செவ்வாய், பற்றுச்சீட்டு வேண்டும் என்றார்கள். வாகீசன் கொடுத்தது ஒரு விசிட்டிங் கார்ட்டின் பின்பக்கத்தில்தான் எழுதியிருந்தது. அது எங்கே என்று வீடு முழுக்கத் தேடி, கடைசியில் கோழிக்குக் கீழே எடுத்தாள். கையில் இரண்டு கொத்து வாங்கித்தான் எடுத்தாள். நான்காம் செவ்வாய் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாரிகா அதை ஓரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த செவ்வாய்க்கு விசாரணை வைத்தாள். கடைக்காரனுக்குக் கடிதமும் போனது.

இதற்கிடையில் மழை பிடித்துவிட்டது. சமையலுக்கு ஒரு முழு அறை, கூரையோடு, ஆறடி தள்ளிச் சும்மா இருந்தது. ஆனால் ஆதாரத்துக்குள் அடுப்பு மூட்ட முடியுமா? றோஸ் மூன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து ஊதினாள். பிலிப்பு அடுப்புக்குக் குடை பிடித்தான். அவளுக்கும் பிடிக்கவில்லை, தனக்கும் பிடிக்கவில்லை, அடுப்புக்குத்தான் பிடித்தான். புகையில் இருமி இருமி அவளுக்கு நெஞ்சு நொந்தது. கொட்டிலாவது இருந்ததே என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

"விட்டிடுவமே," என்றான் பிலிப்பு மெதுவாக.

"விடமாட்டன். நான் கேட்டது பிச்சை இல்லை. காசு குடுத்து வாங்கின சாமான். எழுவைதீவுதானே, கடல் தாண்டி வந்து ஆர் கேக்கப்போகினம் எண்டு நினைச்சுப்போட்டான். நான் கடல் தாண்டிப் போய்க் கேப்பன்."

விசாரணைச் செவ்வாயும் வந்தது. றோஸ் பத்து மணிக்கே போய் முதல் கதிரையில் இருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மூன்று தரம் சொல்லிப் பார்த்திருந்தாள். வாகீசனுக்குப் போட்ட கதிரை வெறுமையாகக் கிடந்தது. பதினொன்றானது. பன்னிரண்டானது. தாரிகா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அவர் வரேல்லை அம்மா. வராதது உங்களுக்குத்தான் நல்லது. எழுதித் தாறன்."

பதினான்கு நாளைக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், பொங்கின பலகைக்கும் அவனே பொறுப்பு, தவறினால் வழக்கு. முத்திரை குத்திய கடதாசியை றோஸ் சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, சீலைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கண் கலங்கியது. இவ்வளவு வயதில் முதல்முறையாக ஒரு கந்தோர் அவள் சொன்னதைக் கேட்டு எழுதித் தந்திருக்கிறது.

கடைசிப் படகில் அவளும் மழையும் பஸ்ரியாம்பிள்ளையும்தான். அவள் கடதாசி இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வெண்டிட்டன் அண்ணை."

"நீதான் பிள்ளை ஆள். இந்தத் தீவிலை ஒரு ஆம்பிளைக்கும் உன்ரை பிடிவாதம் இல்லை. எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

"அந்தக் கள்ளன் விசாரணைக்குக்கூட வரேல்லை."

பஸ்ரியாம்பிள்ளை சுக்கானை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அவளை வியப்போடு பார்த்தார்.

"அவன் எப்பிடிப் பிள்ளை அங்கை வருவான், இண்டைக்கும் பன்ரண்டு கதவையும் தூக்கிக்கொண்டு என்ரை ரெண்டாம் படகிலை உன்ரை வீட்டையெல்லோ வந்தவன், இதோடை நாலாவது செவ்வாய், நீ ஆரையும் உள்ளுக்கை விடவேண்டாம் எண்டு சொன்னதெண்டு பிலிப்பு படலையிலை வைச்சே திருப்பி அனுப்பிப்போட்டான்."