உலகம் அழிந்த பிறகு நான் கேட்ட லைசென்சு

விதிகளை மதிப்பவனை யாரும் மதிப்பதில்லை. என் குடும்பம் முப்பது வருஷத்துக்கு மேலாக இதை நிரூபித்து வருகிறது.

1991-ல் நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன். (எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) சினிமாக் கொட்டகைகளின் லைசென்சுக் கோப்புகள் என் பொறுப்பு. ஸ்ரீபெரும்புதூரில் மல்லிகாவைப் பெண் பார்த்திருந்தேன். அவள் அப்பா தலைமையாசிரியர். பையனின் குணத்தைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் என்றார். பென்னலூர் டென்ட் கொட்டகைக்கு ஒரு பழைய ஆங்கிலப் படம், தமிழ் பேசிக்கொண்டு, மறுபடி வந்திருந்தது. மல்லிகா ஆசைப்பட்டாள். மூவரும் மாலைக் காட்சிக்குப் போனோம். நடுவில் அப்பா.

படம் அக்கிரமம். குண்டு வெடித்து உலகமே அழிந்துவிட்டது. மிச்சமிருக்கும் இருபது பேர் பாதாள அறை வாசலில் நிற்கிறார்கள். அனுமதிச் சீட்டில் மேலதிகாரியின் கையெழுத்து இல்லை என்று அங்கிருக்கும் அதிகாரி கதவைத் திறக்க மறுக்கிறார். மேலதிகாரி செத்து ஒரு மாதம். கொட்டகையே சிரித்தது. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த மனிதர் செய்ததில் என்ன தவறு?

ஆத்திரத்தோடு சோடா குடிக்க வெளியே வந்தேன். டிக்கெட் கவுன்டரில் மாட்டியிருந்த லைசென்சு முந்தின நாளோடு காலாவதி. நேராகப் போய்ப் படத்தை நிறுத்தச் சொல்லி, மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விதியை விளக்கினேன்.

"யோவ், ஒலகமே அழிஞ்சி பூட்ச்சு, இப்ப வந்து லைசென்சு கேக்குற?" என்றது ஒரு குரல்.

"படத்துலேர்ந்து எறங்கி வந்துட்டான்டா," என்றது இன்னொன்று.

தலைமையாசிரியர் முகத்தில் மட்டும் பெருமை. "நேர்மையான பையன்மா."

அப்போது கொட்டகை முதலாளி வந்தார். "சார், புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் ஆவுது. போய்க் கேட்டா உதவியாளர் டேபிள்லயே கீதுன்றாங்க. யாரு சார் அந்த ஆளு?"

ஒரு நகல் குறைகிறது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். (குறைந்தது உண்மை. இன்றும் சொல்வேன்.)

தலைமையாசிரியர் செருப்பைத் தேடினார். மல்லிகா எழுந்திருக்கவில்லை. "அந்தக் கதவு தெறந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும். நீங்க கையெழுத்து வாங்கிக் குடுங்க. மீதிப் படத்தைப் பார்த்துட்டு பதில் சொல்றேன்."

மறுநாள் குறைந்த நகலை நானே எழுதி, கோப்பை மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சர்வீஸில் ஒரே நாளில் முடிந்த கோப்பு அது ஒன்றுதான்.

படத்தில் கதவு கடைசிவரை திறக்கவில்லை. "அந்தாளுக்கு நீங்க பரவாயில்ல," என்றாள் மல்லிகா. அதுதான் சம்மதம்.

இன்றும் என் வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து மகள் குரல் கொடுக்கிறாள்: "ஒரு நகல் குறையுதேப்பா."