நாகுமோவின் கார் தாழ்ந்த வரலாறு

ஒரு மனிதனின் தகுதியை எங்கள் ஊரில் விரல் வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அவன் காரின் டயருக்கும் அதற்கு மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைந்தால், அவன் வாங்கின காரை வாங்கினபடியே ஓட்டுகிற அப்பாவி. இரண்டு விரல் என்றால் மதிப்புக்குரியவர். ஒரு விரலும் நுழையாவிட்டால் பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் குனிந்து வணக்கம் சொல்வார்கள். டோக்கியோக்காரர்கள் சிரிக்கட்டும். ரயிலில் நசுங்கிப் போகிறவர்களுக்கு மானத்தைப் பற்றி என்ன தெரியும்?

நகராட்சியின் சாலைப் பிரிவில் எழுத்தராக இருக்கும் நாகுமோ, நான்கு விரல்காரர். அவருடைய மனைவி கனாயேவுக்கு நிறைமாதம். தகப்பனாகப் போகிறவன் நான்கு விரலோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாகனப் பரிசோதனை நிலையத்தின் வாசலை ஒட்டி இசோபே என்ற மெக்கானிக்கின் கொட்டகை இருக்கிறது. நேராக அங்கே போனார்.

"அண்ணே, உயரத்தையும் இறுக்கத்தையும் நாமளே மாத்திக்கிற சஸ்பென்ஷன் வேணும்."

"இதை எடுத்துக்குங்க. இறுக்கத்தை முப்பத்திரண்டு படியா மாத்தலாம்."

"பக்கத்துல இருக்கிற அந்தப் பதினாறு படிக்கும் இதுக்கும் ஓட்டும்போது என்ன வித்தியாசம்?"

"பதினாறு படி வித்தியாசம்."

கணக்குச் சரியாக இருந்ததால் நாகுமோ வாங்கிவிட்டார்.

கார் தாழ்ந்தது. கூடவே முன்பக்க இடது சக்கரத்திலிருந்து 'லொடக்' என்று ஒரு சத்தமும் வந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் லொடக். ஒவ்வொரு லொடக்குக்கும் கனாயே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இசோபே வந்து இறுக்கத்தைத் திருகி மாற்றினார்.

"ஒன்பதாம் படியில வச்சிருக்கேன். எப்படி?"

"அதே சத்தம்தான்."

"இப்ப இருபது."

"அதே சத்தம்."

"ஆனா இறுக்கமான சத்தம். கவனிச்சீங்களா?"

நாகுமோ காதைத் தீட்டிக் கேட்டார். இறுக்கமாகத்தான் இருந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த சிக்கல், கடை வாசல் சரிவுகள். கார் குறுக்காக ஏறினாலும் அதன் அடிவயிறு தரையில் உரசியது. அதனால் ஒவ்வொரு சரிவிலும் கனாயே இறங்கிக்கொள்ள வேண்டும்.

"ஏங்க, நீங்க என்னைக் கார்ல கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் காரைக் கூட்டிட்டுப் போறேனா?"

"உன் எடை இல்லாட்டி ஏறிடும், அதான்..."

"என் எடையா? நீங்க பெத்துப் பாருங்க, தெரியும். இதோ பாருங்க, வலி எடுத்தா இந்தக் கார் என்னை ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் விடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்த மாதமே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற பரிசோதனையும் வந்தது. காரின் அடிவயிறு தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பரிசோதகர் மிகாஜிரி மண்டியிட்டு அளந்தார்.

"ஏழு."

"என்ன சார் பண்றது?"

"நான் அதிகாரி. வழி சொல்லக் கூடாது. வாசலுக்கு வெளியே ஒரு கொட்டகை இருக்குன்னு பொதுவா ஊர் விஷயம் சொல்லலாம்."

இசோபே காரை உயர்த்தினார். உயர்த்தியதும் லொடக் நின்றுபோனது. தாழ்த்தியபோது ஸ்பிரிங் தொளதொளவென்று கிடந்து பள்ளத்துக்குப் பள்ளம் ஆடியிருக்கிறது. இப்போது கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. ஒன்பது சென்டிமீட்டரில் கார் தொட்டிலாக ஓடியது. கனாயே பல நாட்களுக்குப் பிறகு காரில் தூங்கினாள். மிகாஜிரி சான்று வில்லையைக் கண்ணாடியில் ஒட்டினார்.

பிறகு, எங்கள் ஊர் மரபுப்படி, தேர்ச்சி பெற்ற கார்களெல்லாம் திரும்பத் தாழ்வதற்காக அதே கொட்டகையில் வரிசை கட்டின. மிகாஜிரி எதிரே பெஞ்சில் அமர்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க எதையும் பாக்கலையே?" என்றார் நாகுமோ.

"சாப்பாட்டு நேரத்துல எனக்குக் கண்ணு கிடையாது. தவிர, இந்தச் சுற்று வட்டாரத்துல தாழ்ந்த கார் ஒண்ணுகூட இல்லைய்யா. இருந்தா நான் பிடிச்சிருப்பேன்ல?"

கனாயே கணவன் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. இப்பதான் சத்தம் நின்னிருக்கு."

"சத்தம் நிக்கறதுக்கா நான் முப்பத்திரண்டு படி வாங்கினேன்?"

வலி எடுத்த நாள், மறுபடி தாழ்ந்திருந்த கார் ஆஸ்பத்திரிச் சரிவில் பாதி ஏறி, வயிற்றை வைத்து உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுழன்றது, கார் நகரவில்லை. கனாயே கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தனியாகவே மேலே நடந்து போனாள். நாகுமோவும் பின்னாலேயே ஓடத்தான் இருந்தார். அதற்குள் எங்கள் ஊர் ஆண்கள் காரைச் சூழ்ந்து தரையில் படுத்துவிட்டார்கள்.

"எத்தனாவது படி?"

"பதினெட்டு."

"அட, கெடுத்தீங்களே! பன்னெண்டுல வச்சிருக்கணும்."

நிபுணர் கருத்துக்காக மிகாஜிரி வரவழைக்கப்பட்டார். அவர் காரின் அடியில் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருந்த வில்லையைப் பார்த்தார்.

"இந்தக் கார் ஒன்பது சென்டிமீட்டர்னு அரசாங்கம் சான்று கொடுத்திருக்கு. ஒன்பது சென்டிமீட்டர் கார் இங்கே சிக்காது. ஆகவே கார் சிக்கலை. தரைதான் மேல வந்திருக்கு."

"தரை மேல வந்தா யார் சார் பொறுப்பு?"

"நகராட்சி சாலைப் பிரிவு."

சாலைப் பிரிவு எழுத்தர் நாகுமோ உடனே விறைப்பாக நின்று, இடுப்பு வரை குனிந்து, பாதிக்கப்பட்ட வாகன உரிமையாளர் நாகுமோவிடம் நகராட்சியின் சார்பில் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டார். உரிமையாளர் நாகுமோ சற்று முறைப்பாக இருந்துவிட்டுப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். இதெல்லாம் முடியச் சாயங்காலமாகிவிட்டது. போன் அடித்தது.

"பொண்ணு பொறந்திருக்கா. எங்க இருக்கீங்க?"

"வாசல்லதான்மா. மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்."

"என்கிட்டயா?"

"இல்ல, என்கிட்ட."

அவள் போனை வைத்துவிட்டாள்.

தரை தவறு செய்ததாக அதிகாரபூர்வமாகத் தெரிந்துவிட்டதால், நகராட்சி ஊரிலுள்ள சரிவுகளையெல்லாம் செதுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிச் சரிவைத்தான் முதலில் செதுக்கினார்கள். அடுத்த மழையில் தெருத் தண்ணீர் முழுக்கப் பிரசவ அறைக்குள் போனது. எங்கள் வரிப்பணத்தில் இப்படியொரு கூத்தா என்று எங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. நகராட்சியையே நேரில் கேட்டுவிடுவது என்று ஆளுக்கொரு காரில் கிளம்பினோம். அந்த அலுவலக வாசலில் மட்டும் சரிவை இன்னும் செதுக்கவில்லை. ஒரு காரும் ஏறவில்லை. இறங்கி நடக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாததால், எல்லோரும் வீடு திரும்பினோம்.